எண்டியூரன்ஸ் ரோடு பைக் வாங்கப் போகிறீர்களா? டயரிலிருந்து தொடங்குங்கள்

போன மாதம் நண்பர் ஒருவர் போன் செய்தார். ஆறு லட்சம் ரூபாய் வரை செலவு செய்யத் தயார், 200, 300 கிலோமீட்டர் ஓட்டுவதற்குத் தோதான நல்ல ரோடு பைக் (மோட்டார் இல்லை, மிதிக்கிற சைக்கிள்) வேண்டும், ஆனால் ஓட்டப்போவது நம்ம ஊர் ரோட்டில், எதை வாங்கலாம் என்று கேட்டார். அதற்குள் மூன்று பேர் அவருக்கு மூன்று பதில் சொல்லியிருந்தார்கள். "கார்பன் ஃபிரேம் என்றாலே அதிர்வை உறிஞ்சிவிடும், கார்பனாக வாங்கு" என்றார் ஒருவர். "எண்டியூரன்ஸ் பைக் வயதானவர்களுக்கு, மெதுவாகத்தான் போகும்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சொன்னது நான் பத்து வருடமாகக் கேட்டுவருவது: "டயர் ஒல்லியாக இருக்கணும், காற்று கல் மாதிரி இருக்கணும், அப்பதான் வேகம்."

மூன்று பேருமே நன்றாக ஓட்டுகிறவர்கள். இருந்தாலும் மூன்றும் தவறு. அதுவும் இவ்வளவு பணம் போடும்போது இந்தத் தவறுகள் ஒருவரைச் சரியாக வேண்டாத இடத்தில் செலவு செய்ய வைத்துவிடும். அதனால் இந்த வகை சைக்கிள் எப்படி வேலை செய்கிறது என்பதை அடியிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். பொறியியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் எந்த ரோடு?

நான் சேலம். என் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றில் கொஞ்ச தூரம் பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம், அங்கே தார் வழவழவென்று இருக்கும், ஆனால் வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பித் துண்டுகள் கிடக்கும். அப்புறம் பஞ்சாயத்து ரோடு, தார் தேய்ந்து ஜல்லி மேலே தெரியும். ஊருக்குள் நுழைந்தால் சிமென்ட் ரோடு, பேவர் பிளாக், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய குறுக்குப் பள்ளம், வீட்டுக்கு ஒன்றாக வேகத்தடை. கடைசியில் ஏரிக்கரை மேல் ஒரு கிலோமீட்டர் செம்மண். இது எல்லாமே ஒரே காலையில் வந்துவிடும். கலப்புச் சாலை என்று நான் சொல்வது இதைத்தான்: பெரும்பாலும் தார், ஆனால் நம்ப முடியாத தார், நடுநடுவே மண்ணும் கல்லும்.

எண்டியூரன்ஸ் ரோடு பைக் என்பது இந்தக் கலவைக்காகவே உருவான வகை. போட்டி சைக்கிளைப் போலவே வளைந்த ஹேண்டில்பார், லேசான ஃபிரேம், வேகத்துக்கான கியர்கள் எல்லாம் இருக்கும். அதோடு அகலமான டயர் நுழைய இடமும், கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்படியான அளவுகளும் இருக்கும். அவ்வளவுதான் வரையறை. பாதி வழிக்கு மேல் மண்ணும் கல்லும்தான் என்றால் இது உங்கள் வண்டி இல்லை, 45 மில்லிமீட்டர் டயர் போடக்கூடிய கிராவல் பைக் பக்கம் போங்கள். நம்மில் பெரும்பாலோர் அந்த அளவுக்கு மண்ணில் ஓட்டுவதில்லை.

பிரான்சின் கல் ரோடு

இந்த வகை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பிரான்சின் வடக்கே பாரிஸ்–ரூபே என்று ஒரு போட்டி, 1896-லிருந்து நடக்கிறது. சுமார் 260 கிலோமீட்டர் தூரத்தில் 55 கிலோமீட்டர் அளவுக்குப் பழைய கருங்கல் பாவிய வண்டிப்பாதை. கல் என்றால் நம் கோயில் பிரகாரம் மாதிரி சமமான கல் இல்லை, ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு உயரத்தில், இடையில் விரல் நுழையும் சந்து. முதல் உலகப் போர் முடிந்ததும், 1919-ல், போட்டி நடக்கும் பாதையைப் பார்க்கப் போனவர்கள் குண்டு விழுந்து சிதைந்த அந்த நிலத்தைப் பார்த்துவிட்டு எழுதியதிலிருந்து 'வடக்கின் நரகம்' என்ற பெயர் இந்தப் போட்டியோடு ஒட்டிக்கொண்டது.

அந்தக் கல்லில் உடம்பு நொறுங்காமல் வேகமாகப் போக வேண்டும் என்பதற்காகத்தான் கம்பெனிகள் தனி வண்டிகள் செய்தன. ஸ்பெஷலைஸ்டு 2004-ல் கொண்டுவந்த வண்டியின் பெயரே ரூபே. ட்ரெக் 2012-ல் டொமானே கொண்டுவந்தது, அடுத்த வருடம் ஸ்விட்சர்லாந்தின் ஃபேபியன் கான்செலாரா அதை ஓட்டி பாரிஸ்–ரூபே ஜெயித்தார். 'வயதானவர்களுக்கான மெதுவான வண்டி' என்கிறார்களே, உலகின் மிகக் கடினமான ஒருநாள் போட்டியில் முதலாவதாக வருவதற்காகச் செய்த வண்டி அது.

இதற்கு அப்புறம் நடந்தது இன்னும் முக்கியம். மெல்ல மெல்ல டயர்கள் அகலமாயின. 1990-களில் சாதாரணப் போட்டிகளில் 21, 23 மில்லிமீட்டர் டயரில் ஓட்டியவர்கள் இப்போது 28, 30 போடுகிறார்கள், ரூபே கல்லுக்கு அதைவிடவும் அகலம். சக்கர விளிம்பை இரண்டு பக்கமும் கவ்வும் ரிம் பிரேக்கின் பிடிக்குள் இவ்வளவு அகலமான டயர் நுழைவது கஷ்டம். டிஸ்க் பிரேக்கை 2018-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் முழுமையாக அனுமதித்ததும் அந்தத் தடையும் போயிற்று. 2024-ல் மாத்தியூ வான் டெர் பூல் ரூபே ஜெயித்தபோது சராசரி வேகம் மணிக்கு 47.8 கிலோமீட்டர், அந்தப் போட்டி அதுவரை கண்டிராத வேகம். அவர் ஓட்டியது எண்டியூரன்ஸ் வண்டியே இல்லை, கேன்யன் ஏரோட் என்ற காற்றைக் கிழிக்கும் போட்டி சைக்கிள், ஆனால் டயர் மட்டும் அகலமானது. கல் ரோட்டைச் சமாளிக்கும் வேலையை ஃபிரேமிடமிருந்து டயர் எடுத்துக்கொண்டுவிட்டது.

ஆக, எண்டியூரன்ஸ் வண்டி கரடான ரோட்டில் வேகமாகப் போகப் பிறந்தது. அதன் உயிர் டயரில் இருக்கிறது. ஏன் என்று இனிப் பார்ப்போம்.

கட்டைச் சக்கரமும் காற்றுச் சக்கரமும்

இரும்புப் பட்டை போட்ட பழைய மாட்டுவண்டியில் போயிருக்கிறீர்களா? ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி முழுதும் ஒருமுறை மேலே எழும்பி விழும். பிறகு வந்த டயர் மாட்டுவண்டியில் அதே கல் டயருக்குள் அமுங்கிப் போய்விடும், வண்டி எழும்பாது. மாட்டுக்கு எந்த வண்டி இழுக்கச் சுலபம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்று டயர் பிறந்ததே இப்படித்தான்: ஜான் பாய்ட் டன்லப் பெல்ஃபாஸ்ட் நகரில் தன் மகனின் மூன்று சக்கர வண்டி கல் ரோட்டில் குதிக்காமல் போவதற்காகச் செய்து பார்த்தது, 1888-ல் காப்புரிமை வாங்கினார்.

சக்கரம் உருளும்போது நம் சக்தியைத் தின்னும் தடைக்கு உருள் தடை என்று பெயர். அது இரண்டு வழியில் நடக்கிறது.

ஒன்று டயருக்குள்ளேயே. ரப்பர் பந்தைக் கீழே போட்டால் கிளம்பிய உயரத்துக்குத் திரும்பி வராது, கொஞ்சம் குறைவாகத்தான் எழும்பும். அந்தக் குறைவு ரப்பருக்குள் சூடாகப் போய்விட்டது. டயரும் தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் அமுங்கி நிமிர்கிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சக்தி சூடாகிவிடும். காற்று அதிகமானால் அமுங்குவது குறையும், இந்த இழப்பும் குறையும். "கல் மாதிரி காற்றடி" என்பது இதை மட்டும் பார்த்துச் சொன்னது.

இரண்டாவது உடம்பில். சல்லடையில் போட்ட அரிசி மாதிரி, ரோடு உங்களைக் குலுக்கும்போது தொடை, வயிறு, தோள், கன்னம் எல்லாம் ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்கான சக்தி வானத்திலிருந்து வரவில்லை, முன்னால் போய்க்கொண்டிருந்த உங்கள் வேகத்திலிருந்து எடுக்கப்பட்டது, தசைக்குள் சூடாகத் தீர்ந்துபோனது. காற்று அதிகமாக அதிகமாக இந்த இழப்பு ஏறும்.

பல வருடமாக டயர் கம்பெனிகள் உருள் தடையை அளந்தது வழவழப்பான இரும்பு உருளை மேல். உருளையில் மேடுபள்ளம் கிடையாது, குலுங்குவதற்கு மனித உடம்பும் கிடையாது. அதனால் முதல் இழப்பு மட்டும்தான் கணக்கில் வந்தது, காற்று கூடக்கூட வேகம் என்ற முடிவு வந்தது, அது உலகம் முழுக்கப் பரவி நம்ம ஊர்ச் சைக்கிள் கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. அப்புறம் அமெரிக்காவில் யான் ஹைனே போன்றவர்கள் ரோட்டுக்கே போய் அளந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் ஓட்டுநரை எழுப்புவதற்காக வரிவரியாக வெட்டியிருக்கும் பட்டைகள் மேலும், பக்கத்தில் இருக்கும் வழவழப்பான தாரிலும் மாறி மாறி ஓட்டி, அதே வேகத்துக்கு எவ்வளவு சக்தி தேவை என்று பார்த்தார்கள். குலுங்கும் பக்கத்தில் தேவைப்பட்டது மிக மிக அதிகம்.

அதாவது ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு அளவு இருக்கிறது. அதுவரை காற்றைக் கூட்டினால் லாபம், அதைத் தாண்டினால் நஷ்டம், அதுவும் தாண்டியதும் நஷ்டம் சட்டென்று ஏறும். ரோடு கரடாக ஆக அந்த அளவு கீழே இறங்கிக்கொண்டே போகும். கையும் முதுகும் "போதும்" என்று சொல்லும் இடமும் பெரும்பாலும் அதேதான், சொகுசும் வேகமும் எதிரிகள் என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது.

அகலம் ஏன் வேண்டும்?

சரி, காற்றைக் குறைத்தால் போதாதா, டயர் ஏன் அகலமாக இருக்க வேண்டும்? 25 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் குறைத்தால் முதல் பள்ளத்திலேயே ரிம் தரையில் இடிக்கும், டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். உள்ளே இடம் போதவில்லை. 32 மில்லிமீட்டர் டயரின் குறுக்குப் பரப்பு 25-ஐப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் (32-ஐ 25-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள், 1.64 வரும்). மெத்தை தடிமனானால் குறைந்த அழுத்தத்திலும் அடி தட்டாது.

இன்னொன்று பலருக்கு நம்ப முடியாத விஷயம். டயர் தரையைத் தொடும் பரப்பை எடையும் காற்றழுத்தமும் முடிவு செய்கின்றன. பி.எஸ்.ஐ. என்பது காற்றழுத்த அளவு, பம்பில் முள் காட்டும் எண். பின்சக்கரத்தில் 45 கிலோ, 60 பி.எஸ்.ஐ. என்றால் தொடும் இடம் சுமார் 11 சதுர சென்டிமீட்டர், ஒரு தீப்பெட்டியில் மூன்றில் இரண்டு பங்கு. அகல டயரில் அதே பரப்பு குறுகிய நீளமும் கூடுதல் அகலமுமாக இருக்கும், ஒல்லி டயரில் நீளமாக இழுபடும். நீளமாக அமுங்கும் டயர் அதிகம் வளைந்து நிமிர வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரே அழுத்தத்தில் அகல டயர்தான் சுலபமாக உருளும். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறவர்களுக்கு அகல டயர் காற்றில் கொஞ்சம் கூடுதலாக மோதும் என்பது உண்மைதான். மணிக்கு 25, 28 கிலோமீட்டர் வேகத்தில் 200 கிலோமீட்டர் ஓட்டும் நமக்கு அது பெரிய கணக்கில்லை.

டயரின் துணியும் முக்கியம். கோணிச் சாக்கை மடிப்பதற்கும் நல்ல வேட்டியை மடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியும் இல்லையா, டயருக்குள் இருக்கும் நூல் துணியும் அப்படித்தான். மெல்லிய நெகிழ்வான துணி உள்ள நல்ல டயர், மலிவான தடித்த டயரைவிட ஒவ்வொரு சுற்றிலும் குறைவாகத் தின்னும். பல லட்ச ரூபாய் வண்டியில் கம்பெனி போட்டு அனுப்பும் டயர் சில சமயம் சுமாராகத்தான் இருக்கிறது, முதல் நாளே அதை மாற்றுவது நான் அறிந்த மிகச் சிறந்த செலவு.

என் எடை 72 கிலோ, 32 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயர், முன்னால் 52, பின்னால் 57 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். ட்யூப்லெஸ் என்றால் உள்ளே டியூப் கிடையாது, டயர் ரிம்மோடு காற்றுப் புகாமல் பொருந்திக்கொள்ளும், உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் சின்ன ஓட்டையைத் தானே அடைக்கும். சீமைக் கருவேல முள்ளும் லாரி டயர்க் கம்பியும் இருக்கும் நம் ரோட்டில் இது பெரிய நிம்மதி. ஆனால் நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துபோகும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். காலையில் 60 வைத்த டயர் மதியம் டீக்கடை வாசலில் வெயிலில் நின்றால் 65-க்கு வந்துவிடும், அதையும் மனதில் வைத்துக் காற்றடியுங்கள். அப்புறம், டயரைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றில் 5 பார், அதாவது 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது, ரிம்மில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள், இது உயிர் விஷயம்.

இதுவரை: கரடான ரோட்டில் குலுங்குவதே பெரிய இழப்பு. அதைக் குறைக்கக் காற்று குறைவாக வேண்டும், காற்று குறைய அகலம் வேண்டும். அதனால் வண்டி பார்க்கும்போது முதல் கேள்வி, ஃபிரேமில் எவ்வளவு அகல டயர் நுழையும் என்பதுதான். இதை டயர் கிளியரன்ஸ் என்பார்கள். இப்போதைய டொமானேயிலும் ஜயன்ட் டெஃபையிலும் 38 மில்லிமீட்டர், ஸ்பெஷலைஸ்டு ரூபேயில் 40. நீங்கள் 32 தான் போடப்போகிறீர்கள் என்றாலும் 38-க்கு இடம் இருக்கட்டும். அகலமான ரிம்மில் 32 என்று எழுதிய டயர் 34 ஆக உப்பும், மழைநாளில் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மண்ணில் ஒருமுறை மாட்டினால் அந்த இடைவெளியின் அருமை தெரிந்துவிடும்.

ஃபிரேம் மெத்தையா?

இனி கார்பன். மரப் பெஞ்சில் ஒரு தலையணை போட்டு உட்காருங்கள். இப்போது பெஞ்சை எடுத்துவிட்டு அதே தலையணையைக் கருங்கல் திண்ணையில் போட்டு உட்காருங்கள். எவ்வளவு வித்தியாசம் தெரிகிறது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. வரிசையாக அடுக்கிய பொருள்களில் எது மிக மென்மையோ, அதுதான் அமுங்கும் வேலையை எல்லாம் செய்யும்.

சைக்கிளில் ரோட்டுக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பவை டயர், சக்கரம், ஃபிரேம், சீட் போஸ்ட், சீட். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் 32 டயர் நாலைந்து மில்லிமீட்டர் அமுங்கும். முக்கோணமாகக் கட்டிய ஃபிரேம் மேலிருந்து வரும் எடைக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் கொடுக்காது. முக்கோணம் என்றாலே அப்படித்தான், வீட்டுக் கூரைக்கு ஏன் முக்கோணம் வைக்கிறோம்? கார்பனோ இரும்போ, பெஞ்சு பெஞ்சுதான்.

கார்பனுக்கு ஒரு நிஜமான திறமை இருக்கிறது. கோரைப்பாயைப் பாருங்கள், ஒரு பக்கமாகச் சுலபமாகச் சுருளும், மறு பக்கமாகச் சுருட்டப் பார்த்தால் கோரை எதிர்த்து நிற்கும். கார்பன் இழையும் நீளவாக்கில் மட்டும்தான் பலம். பொறியாளர்கள் இழைகளை எந்தத் திசையில் அடுக்குவது என்று இடத்துக்கு இடம் மாற்றி, மிதிக்கும் பக்கம் விறைப்பாகவும் வேண்டிய இடத்தில் நெகிழ்வாகவும் செய்ய முடிகிறது. நீளமாக வெளியே நிற்கும் சீட் போஸ்டில் இது நன்றாக வேலை செய்யும், அது வில் மாதிரி பின்னால் வளைந்து நிமிரும். நிறைய எண்டியூரன்ஸ் வண்டிகளில் மேல்குழாய் பின்பக்கம் சரிந்து இருப்பது சீட் போஸ்ட் அதிகம் வெளியே தெரியவும்தான்.

சில கம்பெனிகள் இதற்கு மேலும் போகின்றன. ஸ்பெஷலைஸ்டு ரூபேயில் ஹேண்டில்பாருக்குக் கீழே 20 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் ஸ்பிரிங் இருக்கிறது. டொமானேயில் சீட் குழாய் மேல்குழாயோடு இறுகாமல் ஒரு அச்சில் நிற்கும், அதனால் தனியாக வளைய முடிகிறது. முன்பக்கத்துக்கும் அதே ஏற்பாட்டை ஒரு காலம் வைத்திருந்தார்கள், 2022-ல் எடுத்துவிட்டார்கள். என் கருத்தில், மணிக்கட்டு வலியோ விரல் மரத்துப்போவதோ உள்ளவர்களுக்கு ரூபேயின் ஸ்பிரிங் நிஜமாகவே உதவுகிறது. மற்றவர்களுக்கு டயரும் ஒழுங்கான ஹேண்டில்பார் டேப்பும் போதும், தேய்கிற உறுப்பு ஒன்று குறைவாக இருப்பது நல்லது.

உட்காரும் விதம்

துவைக்கிற கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல் தாழ்வாக இருந்தால் முதுகு போய்விடும். உயரம் சரியாக இருந்து கல் எட்டத்தில் இருந்தால் தோள் போய்விடும். சைக்கிளிலும் இந்த இரண்டு அளவுதான். மிதி அச்சிலிருந்து ஹேண்டில்பார்த் தண்டு நுழையும் குழாயின் மேல்நுனி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக், எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். எல்லாக் கம்பெனியும் தங்கள் அளவுப் பட்டியலில் இந்த இரண்டையும் போடுகிறார்கள். 56 சைஸ் போட்டி சைக்கிளில் ஸ்டாக் 565 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும், எண்டியூரன்ஸில் 590-லிருந்து 605 வரை. வெறும் மூன்று நாலு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். எட்டு மணி நேரத்தில் கழுத்துக்கு அது மிகப் பெரிய வித்தியாசம்.

ஆனால் உயரம் கூடக்கூடச் சொகுசு என்றும் நினைக்க வேண்டாம். மிகவும் நிமிர்ந்து உட்கார்ந்தால் எடை முழுதும் சீட்டில் இறங்கி, ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகுத்தண்டில் அடிக்கும், எதிர்காற்றில் பாய்மரம் மாதிரி நிற்பீர்கள். கொஞ்சம் சாய்ந்து, முழங்கை மடங்கி, கையும் சீட்டும் காலும் எடையைப் பங்கிட்டுக்கொள்ளும் நிலைதான் சரி. இதற்கு வண்டி வாங்கும் முன்பே, உடம்பு அளவுக்கு வண்டியைப் பொருத்தித் தரும் ஒரு நல்ல பைக் ஃபிட்டரிடம் போய் உங்களுக்கு வேண்டிய ஸ்டாக், ரீச் எண்களை வாங்கிக்கொள்வது நல்லது. வாங்கிவிட்டுப் போனால் அவர் இருக்கிற வண்டிக்கு உங்களை மடக்க வேண்டியிருக்கும்.

வீல்பேஸ் என்று இன்னொரு அளவு, இரண்டு சக்கர அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் தூக்கிப் போடும், நடு சீட்டில் அவ்வளவு இல்லை, ஏனென்றால் நடுவில் இருக்கிறவர் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே இருக்கிறார். சைக்கிளின் பின்பகுதி கொஞ்சம் நீண்டால் நீங்களும் பின்சக்கரத்தின் உச்சியிலிருந்து கொஞ்சம் நடுவுக்கு வருகிறீர்கள், மண்ணில் வண்டி நேராகவும் போகும். எண்டியூரன்ஸ் வண்டிகளில் இது ஒரு மீட்டருக்குச் சற்று மேல் இருக்கும்.

கியர் பற்றிச் சுருக்கமாக: பல்சக்கரங்களில் முன்னால் 50/34 பல், பின்னால் 11–34 பல் என்றால் மிகச் சுலபமான கியரில் ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று, சுமார் 2.15 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு எட்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கீழே. ஏற்காட்டுக்கு இது போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு, அதுவும் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போனால், இதைவிடச் சுலபமான கியர் இருந்தால் முழங்கால் உங்களை வாழ்த்தும்.

பணம் எங்கே போகிறது?

ஒரே பெயரில் ஒரு வண்டி நாலு லட்சத்துக்கும் இருக்கும், பத்து லட்சத்தைத் தாண்டியும் இருக்கும். அளவுகள், டயர் கிளியரன்ஸ், உட்காரும் நிலை பெரும்பாலும் ஒன்றேதான். மாறுவது எடை. உயர்ரகக் கார்பன் இழை அதிக விறைப்பானது, அதனால் குறைவான இழை போட்டு அதே விறைப்பைக் கொண்டுவரலாம், ஃபிரேம் லேசாகும். மென்மை அதிகமாகாது. கியர்களும் அப்படித்தான்: ஷிமானோவின் 105 டிஐ2, 2022-ல் வந்தது, எலெக்ட்ரானிக், பின்னால் 12 கியர். அதற்கு மேல் ரகமான அல்டெக்ரா டிஐ2-வும் அதே 12, கியர் மாறும் விதத்தில் கண்ணைக் கட்டிவிட்டால் நான் வித்தியாசம் சொல்ல மாட்டேன். அல்டெக்ராவின் எடை சுமார் 300 கிராம் குறைவு, அவ்வளவுதான்.

ஃபிரேமில் 300, கியரில் 300, ஆக 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நானும் வண்டியும் சேர்ந்து 81 கிலோ, அதில் 600 கிராம் என்பது 0.7 சதவீதம். ஒரு மணி நேரம் எடுக்கும் மலையேற்றத்தில் இதனால் மிச்சமாவது அரை நிமிடம்கூட இல்லை, சமதரையில் தெரியவே தெரியாது. இதற்கு இரண்டு மூன்று லட்சம் கொடுப்பது அவரவர் ஆசை, அழகான பொருளை ஆசைப்பட்டு வாங்குவதில் தவறே இல்லை. வேகத்துக்காக என்று மட்டும் நினைத்துக் கொடுக்க வேண்டாம்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: நடுத்தரக் கார்பன் ஃபிரேம், 105 டிஐ2, மிச்சப் பணத்தில் நல்ல டயர், ரிம்மின் உள் அகலம் 23 மில்லிமீட்டர் அளவில் உள்ள நல்ல சக்கரம், பைக் ஃபிட், அப்புறம் துல்லியமான ஒரு காற்றழுத்த மீட்டர்.

அவர் முழுதாக நம்பவில்லை. அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வண்டியை எடுத்துக்கொண்டு குப்பனூர் பக்கம் போனோம். ஜல்லி தெரியும் பஞ்சாயத்து ரோட்டில் ஒரு சின்ன இறக்கம். ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதிரி உட்கார்ந்து, மிதிக்காமல் விடுவது, எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. முதலில் 80 பி.எஸ்.ஐ. (என் ரிம் கொக்கி உள்ளது, அதனால் பரவாயில்லை) வைத்து மூன்று தடவை, பிறகு 57 வைத்து மூன்று தடவை. இரண்டாவது மூன்றிலும் வண்டி அடுத்த மின்கம்பத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. அவர் நாலாவது தடவையும் தானாகவே ஏறி விட்டுப் பார்த்தார். திரும்பி வந்து, அந்த 38 மில்லிமீட்டர் கிளியரன்ஸ் வண்டிகளின் பட்டியலை இன்னொரு முறை அனுப்பச் சொன்னார்.